இட்டேரியில் தூங்கி வந்த வண்டி

அப்பாவைப் பெற்ற என் அப்பாரு சந்தையிலிருந்து தூங்கிக்கொண்டேதான் வீடு திரும்புவார். திருப்பூர் ஜின்னிங் ஆலையில் பருத்தியை எடை போட்டுக் காசு வாங்கி, கடைவீதியில் உப்பும் புளியும் கட்டிக்கொண்டு, பொழுதோட வண்டியைப் பூட்டுவார். டவுன் எல்லை தாண்டும்வரை கயிறு அவர் கையில் இருக்கும். அப்புறம் அதை முன்பக்கத்து முளையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வைக்கோல்மேல் சாக்கை விரித்துப் படுத்துவிடுவார். காங்கயம் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக்கு அங்கிருந்து 30 கிலோமீட்டர் இருக்கும். மயிலைக் காளை இரண்டும் தங்கள் நடையில் நடந்து, கோழி கூப்பிடும் நேரத்துக்கு வாசலில் வந்து நிற்கும்.

வண்டி வரும்போது அப்பத்தா எழுந்திருக்க மாட்டாள். சலங்கைச் சத்தம் நின்றால்தான் எழுவாள். ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோனதே அவளுக்கு மணியடித்த மாதிரி. அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு போய், பூட்டாங்கயிற்றைத் தளர்த்தி, நுகத்தடியை உயர்த்தி மாடுகளை அவிழ்ப்பாள். கட்டுத்தரையில் கட்டி, ஊறவைத்த பருத்திக்கொட்டையை ஆட்டிக் கலக்கிய தண்ணீரைத் தாழியில் ஊற்றுவாள். அதெல்லாம் முடிந்த பிறகுதான் வண்டிக்கு வந்து அப்பாருவின் காலைத் தொட்டு எழுப்புவாள். "மொதல்ல அவரை எழுப்பேன் அப்பத்தா" என்று நான் ஒருநாள் கேட்டேன். "நடந்து வந்தது அதுக கண்ணு. உங்கப்பாரு தூங்கித்தான வந்தாரு" என்றாள்.

அப்பாருவுக்கு அப்போது வயது 70க்கு மேல். இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது. வலது கண்ணும் பொழுது சாய்ந்தால் மங்கிவிடும். ஆனாலும் அவர் போகாத சந்தை இல்லை, ஒறம்பரை வீடு இல்லை. சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு ஒரு வருடமும் தவறியதில்லை. 'இந்த வயதில் தனியாகப் போகிறாரே' என்று வீட்டில் யாரும் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. இன்று எனக்கு அவர் வயது ஆகிவிட்டது. பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்கு நான் போய்வருவதற்கே மகனும் மருமகளும் இரண்டு நாள் யோசிக்கிறார்கள்.

நான் 30 வருடத்துக்கு மேல் பிரேக் இன்ஸ்பெக்டராக வேலை பார்த்தவன். மோட்டார் வாகன ஆய்வாளர் என்பது அரசாங்கப் பெயர். ஊரில் எங்களுக்குப் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் பெயர். எட்டுப் போடச் சொல்லிப் பார்ப்பது, லாரிக்குத் தகுதிச் சான்று தருவது, விபத்தான வண்டியைப் படுத்துப் பார்த்துப் பிரேக்கில் பழுதா ஓட்டியவர்மேல் பிழையா என்று எழுதித் தருவது எங்கள் வேலை. அதனால் போன மாதம் பேரன் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்திலிருந்து வீடியோவில் கூப்பிட்டு, ஆளில்லாமல் ஓடும் காரில் தான் உட்கார்ந்திருப்பதைக் காட்டியபோது, நான் அந்த ஸ்டீயரிங்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கை படாமல் அது இடமும் வலமும் திரும்பியது. சிக்னலில் நின்றது. சாலையைக் கடந்த ஒரு அம்மாவுக்கு வழிவிட்டது. "எப்படி இருக்குதுங்க தாத்தா?" என்று கேட்டான். நல்லா இருக்குது சாமி என்றேன். மனசுக்குள் இட்டேரிதான் ஓடியது.

இட்டேரி என்றால் கொங்கு நாட்டுக்கு வெளியே பலருக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் உயிர்வேலி அடைத்த வண்டிப்பாதை அது. ஊரிலிருந்து தோட்டத்துக்கும், தோட்டத்திலிருந்து பக்கத்து ஊருக்கும், அங்கிருந்து பெருவழிக்கும் இப்படியே போகும். வேலியில் முக்கால்வாசி கிளுவை. மழைக்காலத்துக்கு முன்னால் போத்து வெட்டி நெருக்கமாக நட்டால் அதுவே வேர்பிடித்து மரமாகிவிடும். அதன்மேல் கோவையும் பிரண்டையும் படரும். அடியில் கற்றாழையும் சங்கஞ்செடியும் அண்டிக்கொள்ளும். கவுதாரியும் கீரியும் அதற்குள்தான் குடியிருக்கும். கொரங்காட்டில் மேய்கிற ஆடுமாடு வெளியே போகாமலும், வழியில் போகிற மாடு வெள்ளாமையில் வாய் வைக்காமலும் காப்பதற்காக எங்கள் முன்னோர் அடைத்த வேலி. வண்டி ஓட்டுபவருக்கு அது செய்த உதவியை யாரும் தனியாக எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

இட்டேரியில் மாடு விலகிப் போக இடமே கிடையாது. ஆளுயர வேலி இரண்டு பக்கமும். நடுவில், பல தலைமுறையாகப் பட்டாச் சக்கரம் அறுத்த தடம் இரண்டு. சக்கரம் அந்தத் தடத்தில் இறங்கிவிட்டால் அதன் போக்கில்தான் உருளும். இரவில் வேலி கறுத்த சுவராகத் தெரிய, நடுவில் மண் வெளுத்துக் கிடக்கும். இப்போதைய கார்களில் சாலைக்கோட்டைக் கேமரா பார்த்து, கோட்டுக்குள்ளேயே வண்டியை வைத்துக்கொள்ளும் வசதி வந்திருக்கிறது. அந்த வேலையை எங்கள் ஊரில் கிளுவை வேலி செய்தது. அப்பாரு தூங்கியதற்கு மாட்டின் புத்தி பாதிக் காரணம் என்றால், பாதை மீதிக் காரணம்.

மாட்டைப் பழக்கியதும் லேசான காரியமில்லை. சின்ன வயசுக் காளையை எடுத்தவுடன் வண்டியில் பூட்ட மாட்டார்கள். முதலில் வெறும் கட்டையைக் கட்டி இழுக்க விடுவார்கள். அப்புறம் நன்றாகப் பழகிய கிழட்டு மாட்டோடு ஜோடி சேர்ப்பார்கள். வலத்து மாடு என்றால் கடைசிவரை வலம், இடத்து மாடு என்றால் இடம். மாற்றிப் பூட்டினால் இரண்டும் தடுமாறும். ஒரே வழியில் பத்து நடை போய்வந்தால் எந்த முக்கில் திரும்ப வேண்டும், எந்தக் கிணற்றடியில் நின்றால் தண்ணீர் கிடைக்கும் என்பது அதற்குப் பதிந்துவிடும். எங்கள் ஜோடிக்குத் திருப்பூர் ஆலை, காங்கயம் சந்தை, செக்கு, அப்பத்தா பிறந்த ஊர், அத்தையைக் கட்டிக்கொடுத்த ஊர் என்று ஐந்து இடம் தெரியும். ஆறாவது இடத்துக்குப் போகும்போது அப்பாரு விழித்துத்தான் இருக்க வேண்டும்.

பக்கத்துச் சென்னிமலையில் சுவாமி திருமஞ்சனத்துக்கு இன்றும் பொதிகாளைதான் படியேறித் தண்ணீர் கொண்டுபோகிறது. மொத்தம் 1320 படி. 1984இல் அந்தப் படிகளில் மாட்டு வண்டியே ஏறிய சேதியைக் கேட்டு எங்கள் ஊரிலிருந்தும் ஜனம் திரண்டு போயிற்று. காங்கயம் காளையைத் தெரிந்த யாருக்கும் அது பெருமைதான். ஆனால் என்னைக் கேட்டால், யாரும் பார்க்காத ராத்திரியில் ஒரு கிழவரை ஒரு கீறல் இல்லாமல் கொண்டுவந்து சேர்த்த காளைகளுக்கும் அதே பெருமை உண்டு என்பேன்.

மாடு தவறியதே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை வழியே இல்லாமல் போயிற்று. 1955இல் பவானிசாகர் அணை கட்டி முடிந்தது. அங்கிருந்து 200 கிலோமீட்டர் நீளத்துக்குக் கீழ்பவானி வாய்க்கால் வெட்டினார்கள். எங்கள் சீமைக்குத் தண்ணீர் வந்தது அதனால்தான். அதை நன்றியோடுதான் எழுதுகிறேன். வெட்டிக்கொண்டு வந்தபோது அது பழைய இட்டேரிகளைக் குறுக்கே அறுத்தது. பாலம் எங்கே கட்டுவது என்று முடிவாகும் முன்பே எங்கள் வழியிலும் கரை எழும்பிவிட்டது. அப்பாரு அத்தை ஊருக்குப் போய் நாலு நாள் தங்கிவிட்டு வழக்கம்போலத் தூங்கித் திரும்பினார். விடிந்து கண் விழித்தால் வண்டி கரைமேட்டுக்கு முன்னால் நிற்கிறது. மாடுகள் மேட்டில் ஏறவும் இல்லை, திரும்பி நடக்கவும் இல்லை. நுகத்தடியோடு அப்படியே நின்றிருக்கின்றன. கழுத்தடியில் பனி கோத்திருந்ததாம். இதைச் சொல்லும்போதெல்லாம் அப்பாருவின் குரல் தழுதழுத்துவிடும். தெரியாத இடம் வந்தால் ஓடாமல் நின்றுவிட வேண்டும் என்று அவற்றுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பார். சர்வீஸ் முழுக்க டிரைவர்களிடம் நான் தொண்டை வறளச் சொன்னதும் அதுதான்.

பாலம் வந்தது, மாடுகள் பாலத்தைப் பழகிக்கொண்டன. லாரியை மட்டும் அவற்றால் பழக முடியவில்லை. நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து லாரிகள் இரவு முழுக்க ஓடத் தொடங்கின. பெருவழியில் தார் போட்டு அகலப்படுத்தினார்கள். பழைய நாளில் சந்தைக்குப் போகும் வண்டிகள் பத்துப் பதினைந்து வரிசையாகப் போகும். முன்வண்டிக்காரர் ஒருவர் விழித்திருப்பார், மற்றவர்கள் தூங்குவார்கள். பின்வண்டி மாடு முன்வண்டியின் வைக்கோலை மோந்துகொண்டே நடக்கும். எதிரே வருவதும் மாட்டு வண்டியாகவே இருந்தவரை அதில் ஆபத்து இல்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் லாரி வந்தால், அச்சுக்கடியில் தொங்கும் அரிக்கேன் வெளிச்சம் அந்த டிரைவர் கண்ணுக்குத் தட்டுப்படுவதற்குள் காரியம் முடிந்துவிடும். எங்கள் ஊர் வண்டிகள் மூன்று அப்படி ஒரு ராத்திரியில் போயின. இரண்டு பேர், ஐந்து மாடு. எனக்கு அப்போது பதினாலு வயது. சாலையோரத்தில் கடையாணி ஒன்று தனியாகக் கிடந்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அப்பா ராத்திரிப் பயணத்தை நிறுத்திவிட்டார். அப்பாரு எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் அவர் தூரமாகப் போனதும் இல்லை. வாசல் திண்ணையிலேயே நாலு வருடம் உட்கார்ந்திருந்து போய்ச் சேர்ந்தார்.

அப்பத்தாவின் கதை வேறு. அவள் ஆயுசில் ஒரு வண்டியும் ஓட்டியவள் இல்லை. அவளுக்கென்று வில் வைத்த சவாரி வண்டி இருந்தது. பின்புறம் இரும்புப் படி. ஜமுக்காளம் விரித்து, முதுகுக்கு ஒரு தலகாணி கொடுத்து, பண்ணையத்து ஆள் கையைப் பிடித்து ஏற்றிவிடுவார். பிறந்த ஊர் மாரியம்மன் நோம்பிக்கு வருடா வருடம் அதில்தான் போவாள். 1978இல் சவாரி வண்டியை விற்றோம். பஸ் ரோட்டுக்கு ஒன்றரை மைல் நடக்க வேண்டும். பஸ்ஸின் முதல் படி அவள் முழங்காலுக்குமேல் இருந்தது. ஒருமுறை ஏற முயன்றாள். பின்னால் ஆள் நெருக்க, காலை இறக்கிக்கொண்டாள். அதற்கப்புறம் எட்டு வருடம் இருந்தாள், அந்த நோம்பியைப் பார்க்கவில்லை. ஊருக்குள் மினி பஸ் வந்தது 1997இல். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று ஆனது 2021இல். அதன்பிறகு எங்கள் நிறுத்தத்தில் நிற்கிற வயசான பெண்களைப் பார்க்கிறேன், ஒரு காரணமும் இல்லாமல் தங்கச்சியைப் பார்க்கப் போகிறார்கள். அது பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். படி மட்டும் இன்னும் பல பஸ்களில் அதே உயரம்தான்.

நடுவில் ஆண்களுக்கு ஒரு நல்ல காலம் வந்தது. 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. இரண்டு பேர் போகலாம், கியர் கிடையாது, சைக்கிள் மாதிரி மிதித்துக் கிளப்பலாம். முன்னால் இருந்த இடத்தில் தீவன மூட்டை, இரண்டு பக்கமும் பால் கேன். கொங்கு நாட்டில் 60 வயதுக்கு மேலான ஆண்கள் மறுபடி சந்தைக்குப் போனது அந்த வண்டியால்தான். மாடு நடந்த இட்டேரியில் அது ஓடியது. ஆனால் அதில் தூங்க முடியாது. அதற்கு வழி தெரியாது, தெரியாத இடத்தில் நிற்கவும் தெரியாது. கண்ணும் காதும் ஓட்டுகிறவருடையதாக இருக்க வேண்டும். அந்தக் கண்ணையும் காதையும் சோதிக்கிற இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

வயதானவர் லைசென்ஸ் புதுப்பிக்க வந்தால் டாக்டர் எழுதிய படிவம் 1ஏ வேண்டும். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டை இவரால் படிக்க முடியுமா என்று அதில் ஒரு கேள்வி இருக்கும். தொண்ணூறுகளில் ஒருநாள் வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் வந்தார். படிவத்தில் எல்லாம் சரி என்று எழுதியிருந்தது. ஆனால் கையெழுத்துப் போடும்போது அவர் காகிதத்தை விரலால் தடவிக் கோட்டைத் தேடினார். வெளியே கூட்டிப்போய், எதிரே நின்ற ஜீப்பின் நம்பரைப் படிக்கச் சொன்னேன். அவர் ஜீப்பைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். "வேண்டாமுங்க" என்றார். மறுத்து எழுதினேன். தெருவில் குழந்தைகள் விளையாடுகின்றன. வேறு எதையும் நான் எழுதியிருக்க முடியாது, இன்று கேட்டாலும் அதையேதான் எழுதுவேன்.

உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் டிவிஎஸ் 50ஐ ஸ்டாண்டிலிருந்து எடுத்து, கிளப்பாமல், ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு கேட்டைத் தாண்டினார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அதனால் ஓட்டவில்லை. அவர் ஊர் அங்கிருந்து 9 கிலோமீட்டர். விண்ணப்பத்தில் இருந்த முகவரி எனக்குத் தெரியும். எப்படிப் போவீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கும்படி எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் இல்லை. அலுவலகத்தில் அன்று ஜீப் சும்மாதான் நின்றிருந்தது.

அவரை நினைக்கும்போதெல்லாம் இந்த ஆளில்லாக் கார் பற்றி வருகிற சேதியைத் தேடிப் படிப்பேன். 2004இல் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான தார்ப்பா, மொஹாவி பாலைவனத்தில் பந்தயம் வைத்தது. 10 லட்சம் டாலர் பரிசு. 200 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தில், எல்லாவற்றிலும் முந்திப் போன வண்டியே சுமார் 12 கிலோமீட்டரில் நின்றுபோனது. அடுத்த வருடமே ஐந்து வண்டிகள் முழுத் தூரத்தையும் முடித்தன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் 'ஸ்டான்லி' ஜெயித்தது. கூகுள் நிறுவனம் 2009இல் இதில் இறங்கியது. 2015இல் டெக்சஸின் ஆஸ்டின் நகரத்தில் ஸ்டீவ் மஹான் என்பவர், ஸ்டீயரிங்கோ பெடலோ இல்லாத சிறிய காரில் பொதுச் சாலையில் தனியாகப் போனார். அவருக்குக் கண்பார்வை அநேகமாகக் கிடையாது. நான் நம்பரைப் படிக்கச் சொல்லியிருந்தால் அவரும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். 2020இல் ஃபீனிக்ஸ் பக்கத்தில் அந்த ஆளில்லாக் கார்ச் சேவை பொதுமக்களுக்குத் திறந்தது. நகரத்தின் ஒவ்வொரு தெருவையும் முன்கூட்டியே அளந்து வரைபடமாக்கி, அந்த எல்லைக்குள்தான் ஓட்டுகிறார்கள். எங்கள் காளைகளுக்கு ஐந்து இடம் தெரிந்ததைப்போல.

நம் நாட்டில் இதை விடமாட்டேன் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2017இலும் சொன்னார், 2023இலும் சொன்னார். ஓட்டுநர்களின் வேலை போய்விடும் என்பது அவர் சொல்லும் காரணம். டிரைவர்களோடே வாழ்ந்தவன் நான். அவர்கள் வீட்டு அடுப்பு எதனால் எரிகிறது என்று எனக்குத் தெரியும். அதனால் அந்தக் காரணத்தை மதிக்கிறேன். ஆனால் அந்த வெள்ளை வேட்டிக்காரரைக் கொண்டுபோய் விட அன்று எந்த டிரைவரும் இல்லை. வாடகைக் கார் வைத்துச் சந்தைக்குப் போகிற அளவுக்குத் தக்காளி விலை கொடுப்பதும் இல்லை. யார் ஓட்டுவது என்பதைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள், ஓட்ட முடியாதவர் எப்படிப் போவார் என்பதையும் அதே மூச்சில் பேச வேண்டும். அந்தக் கார் இங்கே வந்தாலும் எங்கள் ஊருக்கு வரப் பல காலம் ஆகும். அதற்குத் தெரிந்த மாதிரிப் பாதை இங்கே இல்லை. இருந்த பாதையையும் அழித்துவிட்டோம். கிளுவையைப் பொக்லைன் வைத்துப் பிடுங்கிக் கம்பிவேலி போட்டாயிற்று. பாதி இட்டேரி தார் ரோடு, மீதி வீட்டுமனை.

என் லைசென்ஸ் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. படிவம் 1ஏ மேசைமேல் இருக்கிறது, பெயரும் பிறந்த தேதியும் மட்டும் எழுதியிருக்கிறேன். நேற்று வாசலில் நின்று பக்கத்துத் தோட்டத்து வேனின் நம்பரைப் படித்துப் பார்த்தேன். கடைசி எண் 3ஆ 8ஆ என்று கிட்டே போய்த்தான் தெரிந்துகொண்டேன். புதன்கிழமை டாக்டரிடம் போகிறேன். மகன் காரில் போகலாம் என்கிறான். என் காரை எடுத்துப்போய், அவர் வேண்டாம் என்று எழுதிவிட்டால் அதைத் தள்ளிக்கொண்டா வருவது? மினி பஸ் 9.40க்கு வருகிறது. கண்டக்டர் தம்பி தெரிந்த பையன், ஏறும்போது கை கொடுப்பான். திரும்பி வர 1 மணிக்கு இன்னொரு வண்டி இருக்கிறதா என்று அவனிடம் கேட்டு வைத்திருக்கிறேன். இருக்கிறதாம்.